அரச வரலாற்றைத் தொடராக எடுப்போருக்குப் பத்மநாபபுரத்திலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்த் தொலைக்காட்சி நிறுவனங்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும், அரச வரலாற்றுத் தொடர்களுக்குக் கதையும் வசனமும் எழுதுவோருக்கும் வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையை அடுத்த பத்மநாபபுரத்தில், பழைய கோட்டை மதிலுக்குள் வசிப்பவன் நான். பள்ளியில் வரலாற்று ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மன்னர்களையும் அரசியரையும் பற்றிய தொடர்களை எங்கள் வீட்டிலும் தெருவிலும் ஆர்வத்தோடு பார்க்கிறோம். இந்தியிலிருந்து மொழிமாற்றமாகி வருபவற்றையும் விடுவதில்லை. அவற்றில் வரலாறு படும் பாட்டைப் பார்த்தபின், எங்கள் ஊர் ஒரு காலத்தில் தலைநகராக இருந்த திருவிதாங்கூர் அரச வரலாற்றை நீங்கள் என்றேனும் கையில் எடுக்கும் முன்பே சில செய்திகளைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியதால் இம்மடலை எழுதுகிறேன்.

அரசனும் அரசியும் தனியறையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எந்தக் கல்வெட்டும் ஓலையும் பதிந்து வைக்கவில்லை. வாரத்தில் ஐந்தாறு நாள் ஒளிபரப்பாகும் தொடருக்கு அந்தப் பேச்சைக் கற்பனையில்தான் எழுத முடியும். அதற்கு யாரும் குறை சொல்லமாட்டார்கள். அரண்மனைப் பணிப்பெண் ஒருத்தியைப் புதிதாகப் படைத்து அவள் கண்வழியே கதையைச் சொன்னாலும் குற்றமில்லை. ஆனால் ஆட்சி யாரிடமிருந்து யாருக்குச் சென்றது, எந்த வழக்கத்தின்படி சென்றது, யார் எதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள் என்பவை எழுதுகிறவரின் வசதிக்கு வளைக்கக்கூடியவை அல்ல. வசனத்தைக் கற்பனை செய்யுங்கள். வழக்கத்தைக் கற்பனை செய்யாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

தொடரின் தொடக்கத்தில் 'பெயர்கள், நிகழ்வுகள் யாவும் கற்பனையே' என்ற பொடி எழுத்து அறிவிப்பு சில நொடிகள் வந்து மறைகிறது. அடுத்த காட்சியிலேயே வரலாற்றில் வாழ்ந்த மன்னரின் பெயரும் ஊரும் அவர் வென்ற போரும் வருகின்றன. அந்தப் பெயர்தானே மக்களைத் தொலைக்காட்சி முன் உட்கார வைக்கிறது? பெயரால் கிடைக்கும் ஆதாயத்தை எடுத்துக்கொண்டு, பெயரோடு வரும் பொறுப்பை மட்டும் அந்த அறிவிப்பால் கழித்துவிடுவது நேர்மையாகாது. கற்பனைதான் வேண்டுமென்றால் கற்பனை நாட்டையும் கற்பனை மன்னனையும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டும் இல்லாமல் எழுதலாம்.

இன்றைய அரசத் தொடர்களின் கதை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்படுகிறது. பட்டத்து ராணி, இளைய ராணி, தன் மகனே அரியணை ஏறவேண்டும் என்று இருவரும் செய்யும் சூழ்ச்சி, இடையில் பொல்லாத மாமன் ஒருவன். இந்த அச்சில் திருவிதாங்கூரை வார்த்தால் அங்கே நடந்த எதுவும் மிஞ்சாது. அங்கே இருந்தது மருமக்கள்வழித் தாயமுறை. அரசனுக்குப் பின் பட்டம் ஏறுபவர் அவருடைய சகோதரியின் மகன். ராணி என்ற பட்டமும் சகோதரிக்கும் அவள் வழிப் பெண்களுக்குமே உரியது. அரசன் மணந்த பெண் அம்மச்சி எனப்பட்டாள். அவள் பெற்ற ஆண்மக்கள் தம்பி என்றும், பெண்மக்கள் தங்கச்சி என்றும் அழைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு அரியணையில் உரிமை கிடையாது. அந்த வீட்டில் மாமன்தான் பட்டம் வரும் வழி. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையேயும் இம்முறை இருந்து, 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் முடிவுக்கு வந்தது என்பதால், எங்கள் பக்கத்து முதியவர்களுக்கு இது ஏட்டில் படித்த செய்தி மட்டுமன்று.

இதைச் சரியாகச் சொன்னால் சுவை குறைந்துவிடும் என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. 1729-இல் ராமவர்ம மன்னர் மறைந்தபோது பட்டம் அவருடைய சகோதரி மகனான மார்த்தாண்ட வர்மாவுக்கு வந்தது. மன்னரின் சொந்த மக்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அதை ஏற்கவில்லை. செல்வாக்கு மிக்க நாயர் பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆதரவு அவர்கள் பக்கம் இருந்தது. தந்தையின் நாடு தமக்கில்லை என்று சொல்லும் தாயமுறையும், தந்தை என்ற உறவும் மோதிக்கொண்ட இடம் அது. இதைவிடப் பெரிய நாடகத்தை எந்த எழுத்தாளர் கற்பனை செய்துவிட முடியும்? மருமக்கள்வழியை மறைத்துவிட்டால் தம்பிமார் வெறும் பேராசைக்காரர்களாகவோ, மார்த்தாண்ட வர்மா பிறர் உரிமையைப் பறித்தவராகவோ மாறிவிடுவார்கள். 1810-இல் ஆட்சிக்கு வந்த கௌரி லட்சுமி பாயின் கதையும் அப்படித்தான். அவர் எந்த மன்னரின் மனைவியாகவும் அரியணைக்கு வரவில்லை. தாய்வழி உரிமையால் வந்தார். 1813-இல் அவருக்குப் பிறந்த மகனே சுவாதித் திருநாள். தாய் மறைந்தபின் சிற்றன்னை கௌரி பார்வதி பாய் அந்தக் குழந்தையின் பெயரால் 1829 வரை ஆட்சி நடத்தினார். சகோதரிகள் இருவர் அடுத்தடுத்து நாட்டை நடத்திய இக்கதையில் சக்களத்திப் போராட்டத்துக்கு இடமே இல்லை.

அரண்மனையைக் காட்டும் விதம் பற்றியும் ஒரு சொல். பள்ளிப் பிள்ளைகளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துச் செல்லும்போது, உள்ளே நுழைந்த சிறிது நேரத்தில் அவர்கள் கேட்பது, "சார், தங்கச் சிம்மாசனம் எங்க இருக்கு?" என்பதுதான். குறுகிய மரப்படிகளில் ஏறி மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலைக்குள் போனால் அங்கே தங்கமும் இல்லை, பட்டுத் திரையும் இல்லை. தாழ்ந்த மரக்கூரை, வண்ண மைக்காத் தகடு பதித்த சன்னல்கள் வழியே உள்ளே விழும் மங்கலான ஒளி, கண்ணாடிபோல் மினுங்கும் கறுப்புத் தரை, அவ்வளவே. பிள்ளைகள் முகத்தில் ஏமாற்றம் தெரியும். உங்கள் தொடர்களில் வரும் பொன்வண்ணத் தூண்கள் அவர்கள் மனத்தில் அரண்மனை என்ற எண்ணத்தை முன்பே அடைத்துவிட்டன. 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா நாட்டையே ஸ்ரீபத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்து, அதன்பின் பத்மநாபதாசன், அதாவது பத்மநாபனின் அடியவன், என்ற பெயரில் ஆண்டார் என்பதை அந்தக் கறுப்புத் தரையில் நின்றபடி சொன்னால், அந்த எளிமைக்குள்ளும் ஓர் அரசியல் இருப்பது பிள்ளைகளுக்குப் புரிகிறது. ஆடை, அணிகலன்களில் சிறு பிழைகள் நேர்வதை நான் பெரிதாக எண்ணமாட்டேன். ஆனால் எல்லா அரசுகளையும் ஒரே செட்டுக்குள் அடைத்துவிட்டால் ஒவ்வோர் அரசும் எதனால் அப்படி இருந்தது என்பதே தெரியாமல் போகும்.

மார்த்தாண்ட வர்மாவின் கதையை எடுப்பவர்கள் குளச்சல் போரிலிருந்துதான் தொடங்குவார்கள். 1741 ஆகஸ்ட் 10 அன்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை எங்கள் கடற்கரையில் தோற்றது. பிடிபட்ட தளபதி டிலனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்து, வலிய கப்பித்தான் (பெரிய தளபதி) என்று பெயர் பெற்று, 1777-இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். அவருடைய கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பனந்தடிகளை வண்டிச் சக்கரங்களில் ஏற்றிப் பீரங்கிபோல் காட்டி டச்சுக்காரரை மிரட்டினார்கள் என்றும் இங்கே சொல்வார்கள். அது வாய்மொழிக் கதை, காட்சிக்கு மிகவும் ஏற்றது, தாராளமாக எடுங்கள். ஊர் சொல்லும் கதை இது என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும்.

ஆனால் அதே மன்னரின் ஆட்சியில்தான், நட்டாலத்தில் பிறந்து அரண்மனைப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை, டிலனாயின் வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது மாவட்டமே அந்த நிகழ்வைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதே மன்னரோடு மோதி மடிந்த தம்பிமாரின் கதையோ வில்லுப்பாட்டாக நாஞ்சில் நாட்டில் பாடப்பட்டது. வில்லின் நாண்மேல் வீசுகோல் விழ, குடமும் உடுக்கும் சேர்ந்து முழங்க, அரசாங்க வரலாறுகள் துரோகி என்று எழுதிய இருவருக்காக ஒரு பாட்டு இரங்குகிறது. இப்படி ஒரே மன்னர் குளச்சலில் வெற்றி வீரராகவும், காற்றாடிமலையில் தண்டித்தவராகவும், வில்லுப்பாட்டில் எதிர்த்தரப்பாகவும் நிற்கிறார். இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும் தொடர், எங்கள் மாவட்டத்தில் ஏதோ ஒரு தெருவை அவமதித்துவிட்டே போகும். அரசவழிப் பெருமையைப் பேசுகிறவர்களும், தேவசகாயம் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்திருப்பவர்களும் இங்கே அடுத்தடுத்த வீட்டில் வாழ்கிறார்கள். ஒரே கடையில் தேநீர் குடிக்கிறார்கள். உங்கள் கதையில் ஒருவர் நாயகனாகவும் மற்றவர் வில்லனாகவும் பிரிக்கப்பட்டால் அதன் விளைவைச் சுமப்பவர்கள் அவர்கள்தாம்.

அரசருக்கு அடங்கி வாழ்ந்தவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கீர்த்தனைகள் இயற்றிய சுவாதித் திருநாளைக் காட்டும்போது, சாதி ஒடுக்குமுறையை எதிர்த்த சமயச் சீர்திருத்தவாதி சாமித்தோப்பு அய்யா வைகுண்டரைத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்ததும் அவருடைய ஆட்சியே என்பதைக் காட்டுவீர்களா? நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் 1822-இல் கல்குளம் பகுதியில் தொடங்கி, 1859 ஜூலை 26-ஆம் நாள் அரசாணை வரும்வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நடந்தது. நாடார் பெண்கள் சந்தைகளில் அடிபட்டார்கள், வீடுகள் எரிந்தன, மிஷனரிகள் முறையிட்டார்கள், சென்னை ஆளுநர் டிரெவெலியன் நெருக்கினார். அதன் பிறகுதான் அப்போதைய மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஆணை பிறப்பித்தார். மேலாடை அணிவதையும் அந்த ஆணை முழு உரிமையாகத் தரவில்லை. உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக்கூடாது என்ற விலக்கும் அதிலேயே இருந்தது. இதை மன்னர் மனமிரங்கித் தந்த கொடையாகக் காட்டினால், நாற்பதாண்டுகள் போராடிய பெண்கள் கதையிலிருந்தே காணாமல் போவார்கள். மறுபக்கமும் உண்டு. சேர்த்தலை வட்டாரத்தில் வாய்மொழியாக வழங்கும், முலைவரியை எதிர்த்துத் தன் மார்பையே அறுத்ததாகச் சொல்லப்படும் நங்கேலியின் கதையை, ஆவணங்கள் உள்ள தோள்சீலைப் போராட்டத்தோடு கலந்து, கல்குளத்தில் நடந்ததுபோலக் காட்டும் காணொளிகள் பல சுற்றுகின்றன. ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்று சொல்கிறோம் என்ற நல்ல எண்ணம், இடத்தையும் காலத்தையும் மாற்றிவிட உரிமை தராது. ஒரு பிழை பிடிபட்டால், நடந்த கொடுமையையே பொய் என்று சொல்லச் சிலர் காத்திருக்கிறார்கள்.

இந்த விவாதம் மற்ற நாடுகளிலும் நடக்கிறது. பிரிட்டிஷ் அரச குடும்பத்தைப் பற்றிய 'தி கிரவுன்' தொடரின் ஒவ்வொரு பகுதியிலும் இது புனைவு என்று அறிவிக்க வேண்டும் என 2022-இல் நடிகை ஜூடி டென்ச் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதையடுத்து முன்னோட்டத்தின் குறிப்பில் மட்டும் அந்தச் சொல் சேர்ந்தது. தென்கொரியாவில் 2021-இல், பழைய கொரியாவை ஆண்ட ஜோசன் அரசர்களை வைத்து எடுத்த ஒரு தொடர், வரலாற்றைத் திரித்தது என்ற எதிர்ப்பால் இரண்டே பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. முன்னது போதாது, பின்னதை நான் விரும்பவில்லை. திரைப்படத்துக்கு இருப்பதுபோன்ற முன்தணிக்கை தொடர்களுக்கு இல்லை, அப்படியே இருக்கட்டும். தடை கேட்டு ஊர்வலம் போகும் நிலையை எங்களுக்கு ஏற்படுத்தாதீர்கள்.

நான் கேட்பது இதுதான். கதை எழுதத் தொடங்கும் முன்பே அந்த வட்டாரத்தின் ஆவணங்களைப் படித்த ஒருவரையும், வாய்மொழிக் கதைகளை அறிந்த ஒருவரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். படப்பிடிப்பு முடிந்தபின் பெயருக்கு ஒரு பேராசிரியரிடம் ஒப்புதல் வாங்குவதால் பயனில்லை. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அரை நிமிடம் ஒதுக்கி, அன்று காட்டியதில் ஆவணத்தில் உள்ளது எது, ஊர் சொல்வது எது, நீங்கள் சேர்த்தது எது என்பதைப் படிக்கக்கூடிய அளவு எழுத்திலும் குரலிலும் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டிமார்களும் இத்தொடர்களைப் பார்க்கிறார்கள் என்பதால் குரல் அவசியம். தொடர் ஒளிபரப்பாகி முடிந்த பிறகும் அதன் காட்சிகள் யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் துண்டு துண்டாகப் பல ஆண்டுகள் சுற்றும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை அந்தத் துண்டைத்தான் சான்றாகக் கொண்டுவருகிறான். ஆகவே நீங்கள் வெளியிடும் ஒவ்வொரு துண்டிலும், 'ஆவணம்', 'வாய்மொழி', 'கற்பனை' என்ற மூன்றில் பொருந்துவதைத் திரையின் மூலையில் நிலையாக இருக்கும்படி பதித்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பத்மநாபபுரத்திலிருந்து ஓர் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன்