புகைப் பரிசோதனைக்குத் தெரியாத தகடு

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய டீசல் காரின் ஈ.ஜீ.ஆரை (வெளியே போகும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் வால்வை) அடைத்துவிடலாமா என்று சென்ற ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். "தாராளமாக அடைக்கலாம், எஞ்சினுக்கு நல்லது" என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். அதே வார்த்தையை 2023இல் ஒரு கராஜில் கேட்டு நானும் அடைத்தவன். எட்டு மாதம் அப்படியே ஓட்டிவிட்டுத் திரும்பத் திறந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் கார் 2006இல் ஜப்பானில் செய்தது. காலையில் கொட்டாஞ்சேனையில் இருந்து ஆமர் வீதி, மருதானை, பொரளை என்று ஊர்ந்து போகும். மத்தியானம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதே வழியில் ஊர்ந்து வரும். மூன்றாவது கியரைத் தாண்டிய நாட்களை விரல் விட்டு எண்ணலாம். ஒரு கட்டத்தில் இழுவை போய்விட்டது. களனிப் பாலத்தில் ஏறினால் பின்னால் வருகிறவர் கண்ணாடியை மூடிக்கொள்ளும் அளவுக்குக் கரும்புகை.

கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டேன். மெக்கானிக் தம்பி எஞ்சினுக்குக் காற்றுப் போகும் இன்டேக் மெனிபோல்டைக் கழற்றி, ஸ்குரூ டிரைவரால் உள்ளே சுரண்டிக் காட்டினார். ரோட்டுக்கு ஊற்றும் தார் மாதிரி ஈரமாக, பளபளவென்று இருந்தது. கட்டைவிரல் தாராளமாகப் போக வேண்டிய வழியில் என் சுண்டுவிரல் சிக்கியது. புகையோடு வரும் கரியும், எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாக வரும் எண்ணெய் ஆவியும் ஒன்றாகச் சேர்ந்து இப்படிப் பிடிக்குமாம்.

"கொழும்புக்குள்ள ஓடுற வண்டிக்கு இந்த ஈ.ஜீ.ஆர். தேவையில்லாத சாமான், சேர். அடைச்சு விடுறன், பிறகு ஒரு தொல்லையும் வராது" என்றார். மெனிபோல்டைச் சுத்தம் செய்ய அரை நாள் போனது. பழைய கேஸ்கட்டை ஒரு தகட்டின் மேல் வைத்துக் கோடு கீறி, வெட்டி, போல்ட்டுக்கு இரண்டு ஓட்டை போட்டு, ஈ.ஜீ.ஆர். குழாயின் வழியை மறித்துப் பூட்ட அரை மணித்தியாலம்தான். இரண்டு நாளில் டாஷ்போர்டில் எஞ்சின் லைட் எரிந்தது. மடிக்கணினியோடு வந்த இன்னொருவர் அதையும் அணைத்துத் தந்தார். வண்டி ஏதோ சொல்ல வந்தது, அதன் வாயையும் மூடியாச்சு.

உள்ளதைச் சொன்னால், கார் நன்றாகத்தான் ஓடியது. இழுவை வந்தது, புகையும் குறைந்தது. (அது தகட்டால் வந்ததா, தாரைச் சுரண்டியதால் வந்ததா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.) டீசல் மிச்சமாகும் என்றார்கள். டாங்கை நிரப்பி நிரப்பிக் கணக்குப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை.

அடைக்கிறவர்களை நான் திட்ட வரவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு மறுபடி வழி விட்டது 2025இல்தான். இருக்கிற வண்டியை எப்படியாவது ஓட்ட வேண்டிய காலம் அது. உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய வால்வுக்குச் சொன்ன விலையைக் கேட்டு நானும் பேசாமல் திரும்பி வந்தேன்.

ஆனால் அந்தச் சாமானை ஏன் வைத்தார்கள் என்பதையும் உங்கள் பக்கம் சொல்லியிருக்க வேண்டும். எஞ்சினுக்குள் சூடு மிகவும் ஏறும்போது காற்றில் உள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுகள் ஆகின்றன. வெளியே போகும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விட்டால் ஒட்சிசன் குறையும், எரியும் சூடு தணியும், இந்த வாயுவும் குறையும். ஈ.ஜீ.ஆரின் வேலை அவ்வளவுதான். அதை அடைத்தால் கரி குறைவது உண்மை. கூடுவது கண்ணுக்குத் தெரியாத வாயு. அதில் நைதரசன் ஈரொட்சைட்டு மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும், ஆஸ்துமாக்காரரை இன்னும் படுத்தும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதன் வருடச் சராசரி வரம்பைக் கன மீற்றருக்கு 40 மைக்ரோகிராமில் இருந்து 10 ஆகக் குறைத்தது சும்மா இல்லை.

இப்போது நம் புகைப் பரிசோதனைக்கு வருகிறேன். 2008இல் இருந்து நடக்கிறது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. தகடு பூட்டியிருந்த அந்த எட்டு மாதத்துக்குள் என் காரையும் கொண்டுபோனேன். நியூட்ரலில் வைத்து அக்சிலரேட்டரை அடிமட்டும் மிதிக்கச் சொன்னார்கள், சைலன்சருக்குள் குழாயை விட்டார்கள், திரும்பவும் மிதி என்றார்கள். பாஸ். போன வருடத்தைவிட நல்ல இலக்கம். சந்தோஷமாக வீட்டுக்கு வந்து அந்தத் துண்டைப் படித்துப் பார்த்தேன். அளந்தது புகையின் கருமையை மட்டும். டீசல் வண்டியில் நைதரசன் ஒட்சைட்டை அவர்கள் அளப்பதே இல்லை.

இதில் இன்னொரு கூத்து இருக்கிறது. அக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும் நேரத்தில் ஈ.ஜீ.ஆர். வால்வு பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். எஞ்சினுக்கு முழுக் காற்றும் தேவைப்படும் நேரம் அது. வால்வு திறந்து வேலை செய்வது மெதுவாக, பாரம் குறைந்து ஓடும்போது. அதாவது ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விடும்போது, வாசலில் வான்களும் கார்களும் வரிசையாக நகரும் அந்த நேரத்தில். சாமான் ஓய்வாக இருக்கும் நிமிடத்தைப் பார்த்து நாம் சோதிக்கிறோம். அது இல்லாமல் போன நிமிடத்தில் பிள்ளைகள் புத்தகப் பையோடு சைலன்சருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். என் மகளும் அந்த வரிசையில்தான் நிற்பாள்.

2015இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் அமெரிக்காவில் மாட்டிக்கொண்டதும் இதே நைதரசன் ஒட்சைட்டில்தான். பரிசோதனை நேரத்தில் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளை உலகம் முழுக்க ஏறக்குறைய 1 கோடியே 10 இலட்சம் வண்டிகளில் வைத்திருந்தார்கள். நமக்கு அந்தச் சிரமமும் தேவையில்லை. இங்கே யாரும் தேடுவதே இல்லையே.

திரும்பத் திறக்க எனக்குத் தகடு அடித்ததைவிட நாலு மடங்கு செலவானது. மடிக்கணினிக்காரருக்குத் திரும்பவும் ஒரு தடவை கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது வருடத்துக்கு ஒரு முறை வால்வைக் கழற்றி, கார்ப் கிளீனர் அடித்து, பழைய பல் தூரிகையால் தேய்க்கிறேன். கழற்றி வைத்துத்தான் அடிக்க வேண்டும். ஓடும் டீசல் எஞ்சினுக்குள் அதை அடிக்கிற வேலை வைத்துக்கொள்ளவே கூடாது. எயார் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுகிறேன். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களையும் பார்ப்பித்தேன், இரண்டு சரியாகத் தெளிக்கவில்லை. கரி அளவுக்கு மீறி வந்ததே அதனால்தான். பாவம், வால்வின் மேல் பழியைப் போட்டுவிட்டோம். மாதத்துக்கு ஒரு ஞாயிறு கட்டுநாயக்கா அதிவேகப் பாதையில் ஒரு ஓட்டம் விடுகிறேன். பிடித்த தார் அதனால் கரையாது, புதிதாகப் பிடிப்பது கொஞ்சம் மெதுவாகும்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் நான் கேட்பது பெரிய இயந்திரம் எதையும் அல்ல. நைதரசன் ஒட்சைட்டை ஒழுங்காக அளக்க வண்டியை உருளையில் ஏற்றிப் பாரம் கொடுத்து ஓட்ட வேண்டும், அதற்குக் காசு வேண்டும், சரி. பொனட்டைத் திறந்து டோர்ச் அடித்து ஈ.ஜீ.ஆர். குழாய் இருக்கிறதா, இடையில் தகடு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். எல்லாத் தகடும் அதில் அகப்படாது. என்னுடையது அகப்பட்டிருக்கும், ஒரு மூலை கேஸ்கட்டை விட வெளியே தெரிந்தது.

உங்களிடம் கேட்பது, அந்த வாசகருக்கு அடுத்த ஞாயிறு இன்னொரு பதில் போடுங்கள். கழுவுவது எப்படி என்று படத்தோடு போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
டீசல் கார் வாசகர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13