பத்திரிகையை நிறுத்திவிட்டேன்

பிட்ஸ்பர்க்,
17.11.2024

அன்புள்ள சேது,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் ஐந்து மாதங்களைக் கடத்திவிட்டேன்; பொறுத்துக்கொள். இங்கே அனைவரும் நலம். சாவித்திரியின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. லலிதாவைக் கேட்டதாகச் சொல். 

கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் அவருக்குப் பதாகை கட்டியதையும் தர்மசாஸ்தா கோயிலில் நடந்த வழிபாட்டையும் எழுதிவிட்டு, "நம் பக்கத்து ஊர்ப் பேத்தி நிற்கும்போது, நீ போயும் போயும் அந்த மனிதருக்கா?" என்று கேட்டிருந்தாய். ஆம், டிரம்புக்குத்தான் வாக்களித்தேன். எல்லைப் பாதுகாப்பு, விலைவாசி, குடும்பமும் கோயிலும் தம் வழியில் வாழ விடப்பட வேண்டும் என்ற எண்ணம் ஆகியவற்றில் நான் எந்தப் பக்கம் என்பது உனக்கு நாற்பது ஆண்டுகளாகத் தெரியும். அதைப் பற்றி வாதாட இதை எழுதவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக வாசலில் வந்து விழுந்துகொண்டிருந்த பத்திரிகையை ஜூலை முதல் வாரத்தில் நிறுத்திவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, காப்பியை வைத்துக்கொண்டு வெறும் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது, இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அப்பாவின் கடைசி மூன்று ஆண்டுகளை நீ பார்க்கவில்லை. ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார். அதன் மீதி கதவுக்குப் பின்னால் நிற்பதுபோல அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, நாங்கள் வருந்தக் கூடாதே என்பதற்காக ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதிபர் பைடன் மேடைகளில் அதே சிரிப்பைச் சிரிப்பதை நானும் சாவித்திரியும் சென்ற ஆண்டிலேயே கண்டுகொண்டோம். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவரைச் சுற்றி இருந்தவர்கள்மீதுதான் வந்தது.

பிப்ரவரியில், பைடன் ரகசிய ஆவணங்களை வைத்திருந்ததை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் ஹர், அவரை "நல்லெண்ணம் கொண்ட, நினைவாற்றல் குன்றிய முதியவர்" என்று தம் அறிக்கையில் எழுதினார். உடனே பேச்செல்லாம் ஹரின் நோக்கத்தைப் பற்றியதாக மாறியது. அவர் எழுதியது உண்மையா என்று விசாரித்தவர்கள் மிகச் சிலரே. ஜூன் தொடக்கத்தில் வால் ஸ்டிரீட் ஜர்னல் 45 பேருக்கு மேல் பேசி, மூடிய அறைக்குள் பைடன் தடுமாறுவதை எழுதியபோது, சக பத்திரிகையாளர்களே அதை எள்ளி நகையாடினார்கள். அதே மாதம் வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர், அவர் தடுமாறும் காட்சிகளை "மலிவான போலிகள்" என்றார். பல ஊடகங்கள் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டன. என் தந்தைக்கு மூன்று ஆண்டுகள் சோறூட்டிய என்னிடம், என் கண் பொய் என்று சொன்னார்கள், சேது.

ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் பைடனுக்கும் டிரம்புக்கும் விவாதம். 81 வயதுக்காரர் பேச்சின் நடுவில் நூலறுந்து நின்று, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான "மெடிகேரை ஒருவழியாக வென்றுவிட்டோம்" என்று முடித்தபோது, சாவித்திரி தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டாள். அவளால் தாங்க முடியவில்லை. மறுநாளே நியூ யார்க் டைம்ஸ் ஆசிரியர் குழு, அவர் போட்டியிலிருந்து விலக வேண்டும் என்று எழுதியது. முந்தைய நாள்வரை வதந்தியாக இருந்தது ஒரே இரவில் தலையங்கமாகிவிட்டது. பல மாதங்களாக அதை ஏன் எழுதவில்லை என்ற விளக்கத்தை என் வீட்டுப் பத்திரிகையில் ஒரு வாரம் தேடிவிட்டுத்தான் அதை நிறுத்தினேன்.

நெருக்கடி நிலைக் காலத்தில் நாம் கல்லூரி நூலகத்தில் எப்படிப் படித்தோம் என்பதை எண்ணிப் பார். அண்ணா நினைவிடத்தில் அஞ்சலி செலுத்த வர இயலாதவர்களின் பட்டியல் என்று முரசொலியில் பெயர்கள் வந்தபோது, அவர்கள் சிறையில் இருப்பவர்கள் என்று படித்தவர்களெல்லாம் புரிந்துகொண்டார்கள். அன்று கத்தரிக்கோல் அரசின் கையில் இருந்தது. இங்கே அப்படி எவரும் கட்டளையிடவில்லை. ஒரே மாதிரி படித்து, ஒரே மாதிரி வாக்களித்து, ஒரே பந்தியில் உண்பவர்கள் ஓர் அறையில் கூடி, எது செய்தி என்று முடிவு செய்கிறார்கள். என்.பி.ஆர். என்ற அமெரிக்கப் பொது வானொலியில் 25 ஆண்டுகள் பணியாற்றிய யூரி பெர்லினர், தம் வாஷிங்டன் அலுவலகத்தின் ஆசிரியர் பொறுப்புகளில் 87 பேர் ஜனநாயகக் கட்சியினராகப் பதிவு செய்தவர்கள், குடியரசுக் கட்சியினர் ஒருவரும் இல்லை என்று இந்த ஏப்ரலில் எழுதினார். ஊதியமில்லாமல் ஐந்து நாள் இடைநீக்கம் செய்தார்கள், அவர் விலகிவிட்டார்.

பைடன் விலகியபின் கமலா ஹாரிஸும் டிரம்பும் மோதிய செப்டம்பர் 10 பிலடெல்பியா விவாதத்திலும் இதையே கண்டேன். ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் குடியேறிகள் வளர்ப்பு நாய்களைத் தின்கிறார்கள் என்று டிரம்ப் சொன்னது ஆதாரமற்றது. நெறியாளர் திருத்தியது சரி. நம் பக்கத்தவர் பலர் அதை நம்பியது எனக்கு வெட்கமாகவே இருக்கிறது. ஆனால் போர் மண்டலத்தில் அமெரிக்க வீரர் ஒருவர்கூட இன்று பணியில் இல்லை என்று கமலா ஹாரிஸ் சொன்னபோது எவரும் குறுக்கிடவில்லை. சிரியாவிலும் ஈராக்கிலும் நம் படையினர் இருந்தார்கள்; ஜனவரியில்தான் ஜோர்டானில் மூவர் தாக்குதலில் இறந்திருந்தார்கள். அந்த மூவரின் வீட்டார் அன்றிரவு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்?

2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தில் நடத்திய கலவரத்தை நான் என்றும் நியாயப்படுத்தியதில்லை என்பதும் உனக்குத் தெரியும். அதைப் பத்திரிகைகள் கடுமையாக எழுதின; எழுத வேண்டியதுதான். அதே கடுமை மறுபக்கமும் பாய்ந்திருந்தால், அவர்கள் சொன்னதை இந்த ஊரில் பாதிப் பேராவது நம்பியிருப்பார்கள். காலப் கருத்துக்கணிப்பில் 1976-இல் 72 விழுக்காட்டினர் ஊடகங்களை நம்பினார்கள். இந்த ஆண்டு 31. டிரம்ப் 312 தேர்வாளர் வாக்குகள் பெற்றதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த 31 என்னைத் தூங்கவிடவில்லை. என் மகன் பத்திரிகையைத் தொடுவதே இல்லை. மூன்று மணி நேர பாட்காஸ்ட் ஒன்றைக் காரில் கேட்டுவிட்டு, அதில் கேட்டதை வேதவாக்காக வந்து சொல்கிறான். "ஆதாரம் எங்கே?" என்று கேட்டால், "உங்கள் பத்திரிகை மட்டும் காட்டியதா, அப்பா?" என்கிறான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பழைய அமைப்புகளைக் காக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் சொன்னவன் நான். என் கையாலேயே ஒன்றை நிறுத்தியிருக்கிறேன்.

தமிழ் வாத்தியார் ஒரே செய்தியை இரண்டு நாளிதழ்களிலிருந்து வெட்டி, வரிக்கு வரி அருகருகே வைத்துக் காட்டுவாரே, அது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ஜனவரியில் பொங்கலுக்கு முன் மன்னார்குடிக்கு வருகிறேன். இந்தத் தேர்தலைப் பற்றி உன் வீட்டுக்கு வந்த நாளிதழ்களை எடைக்குப் போட்டுவிடாதே. நான் இங்கே எடுத்து வைத்திருப்பவற்றைக் கொண்டுவருகிறேன். உன் திண்ணையில் இரண்டையும் விரித்துப் பார்ப்போம். கத்தரிக்கோலை மட்டும் நீ தயாராக வைத்திரு.

என்றும் அன்புடன்,
பாலு