கெஜட் வந்தாச்சாம், வேகன்சி எத்தினையாம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன கிழமை உங்கட தொழில்நுட்பப் பக்கத்துல "புதிய கெஜட்கள் வந்துவிட்டன" எண்டு கொட்டை எழுத்துல ஒரு தலைப்புப் போட்டிருந்தீங்க, அதால எங்கட வீட்டுல நடந்த கூத்த முதல்ல சொல்லிடுறன். அப்பா தலைப்ப மட்டும்தான் வாசிக்கிற ஆள். "புள்ள, கெசட் வந்திருக்காம், ஓடி வா" எண்டு விறாந்தையில இருந்து ஒரு சத்தம். நான் டிகிரி முடிச்சிட்டு வீட்டோட இரிக்கிறவ, எங்களப்போல ஆக்களுக்கு வெள்ளிக்கிழமை எண்டாலே அரசாங்க வேலை விளம்பரம் வாற கெசட்தான், கறிய அடுப்புல விட்டுட்டு கையத் துடைச்சிக்கிட்டு ஓடிப்போய்ப் பாத்தா காதுல மாட்டுற ஹெட்செட்டும் கையில கட்டுற வோட்ச்சும்! அப்பா அப்பவும் விடல்ல, "வேகன்சி எத்தினையாம்?" எண்டு கேக்கிறார். கறியும் அடிப்பிடிச்சிட்டு.

தயவுசெஞ்சி அந்தச் சொல்ல கெட்ஜெட் எண்டு எழுதுங்க. வர்த்தமானிய கெசட் எண்டும் கெஜட் எண்டும் சொல்லுற நாட்டுல அதே எழுத்த இதுக்கும் போட்டா எப்பிடி? இத்தனைக்கும் ரெண்டும் ஒட்டோ உறவோ இல்லாத சொல். கெசட் இத்தாலியில வெனிஸ் பக்கத்துல இருந்து வந்தது, அங்க புழங்கின ஒரு சில்லறைக் காசுக்கு கசெட்டா எண்டு பேர், அந்தக் காசோட சேந்துதான் செய்தித்தாளுக்கும் அந்தப் பேர் வந்த எண்டு சொல்லுவாங்க. கெட்ஜெட் கப்பல்காரன்ட சொல். 1886ல ரொபர்ட் பிரவுன் எண்டவர் எழுதின கப்பல் பயணப் புத்தகத்துலதான் அது அச்சுல கிடைச்ச பழைய இடம், கப்பலுக்குள்ள ஆயிரத்தெட்டு சாமான், மாலுமிக்கே பேர் மறந்துபோனா கெட்ஜெட் எண்டோ விம்-வொம் எண்டோ வாயில வந்தத அப்போதைக்குச் சொல்லிச் சமாளிப்பாங்களாம். நியூயோர்க்ல நிக்கிற சுதந்திர தேவி சிலையச் செஞ்ச பாரிஸ் பட்டறைக்காரர்ல ஒருத்தர் பேர் கஜே, அதுல இருந்து வந்த எண்டும் ஒரு கதை சுத்துது, கேக்க நல்லாத்தான் இரிக்கி, ஆனா அந்தச் சிலைய அங்க திறந்ததும் அதே 1886தான், மாலுமிமார் அதுக்கு முந்தியே சொல்லிக்கிட்டு இருந்த சொல் எண்டா கதை நிக்காது. துவக்கு விசைக்கு பிரெஞ்சுல கஷெட் எண்டு ஒரு சொல் இரிக்காம், அதுல இருந்து வந்திருக்கலாம் எண்டும் சொல்லுறாங்க.

ஆக அது புத்திசாலிக் கருவிக்கு வெச்ச பேரே இல்ல, பேர் வாயில வராத பொருளுக்குப் போட்ட பேர். இத வாசிச்சோடன எனக்கு எங்கட ஊர் கராஜ்தான் ஞாபகம். மோட்டார் சைக்கிளுக்குக் கீழ மல்லாந்து கிடக்கிற பாஸ் கைய மட்டும் வெளிய நீட்டி "அந்தச் சாமானத் தா மனே" எண்டுவார், பொடியன் ஒரு ஸ்பானர எடுத்துக் குடுப்பான். ரெண்டு நிமிசத்தால மறுகா "அந்தச் சாமான்" எண்டுவார், இப்ப அது பிளக் கழட்டுற குழாய். ஒருநாளும் பொடியன் மாத்திக் குடுத்து நான் காணல்ல.

இன்னொரு இடத்துலயும் இந்தச் சொல் அப்பிடியே பொருந்துது. 1945 ஜூலை 16 அமெரிக்காவுல நியூ மெக்சிகோ பாலைவனத்துல வெடிச்சாங்களே முதலாவது அணுகுண்டு, அதச் செஞ்சவங்க அதுக்கு வெச்சிருந்த பேரும் கெட்ஜெட்தான், குண்டு எண்டு வாயால சொல்லக்கூடாது, ரகசியம். எங்கட பக்கத்துலயும் யுத்த காலத்துல சில பொருளுகள சாமான் எண்டு மட்டும்தான் மெதுவாக் கதைச்சாங்க, அது என்னெண்டு நான் விளக்கத் தேவல்ல.

அந்தக் காலத்துலதான் கொக்கட்டிச்சோலையில எங்கட பெரியப்பா ஒண்டு செஞ்சி வெச்சிருந்தார். மட்டக்களப்பு வாவிக்கு அங்கால உள்ள படுவான்கரைக்கு பெற்றரி வாறது கஷ்டம், வந்தாலும் ஆன விலை. சைக்கிள ஸ்டாண்டுல ஏத்தி, பின் சில்லுல டைனமோவச் சாத்தி, நடுவுல ஒரு டயோட் போட்டு ரேடியோவுக்கு வயர் இழுத்திருந்தார். ஆராவது பெடல மிதிச்சாத்தான் செய்தி. மிதிக்கிறவன் களைச்சா செய்தி வாசிக்கிறவர்ட குரலும் களைச்சிரும், முக்கியமான இடத்துல மங்கிட்டுது எண்டா அடிதான், எங்கட அண்ணன் அப்பிடிக் கன அடி வாங்கினவர். அதுக்குக் கடைசிவரைக்கும் பேரே வைக்கல்ல, "அத மிதி" எண்டுதான் சொல்லுற. என்னக் கேட்டா நான் கண்ட கெட்ஜெட்டுல பெரிசு அதுதான். போன மாசம் பேஸ்புக் விளம்பரத்தப் பாத்து நான் ஓடர் போட்ட வெங்காயம் வெட்டுற சொப்பர் மூணு நாள்ல கயிறு அறுந்து போச்சி, காசு போனது போனதுதான், அதுக்கும் இதே பேராம்.

உங்கட பக்கத்துல கருவி, சாதனம், உபகரணம், கையடக்க மின்னணுச் சாதனம் எண்டு நாளுக்கொரு மொழிபெயர்ப்பு வருது. மின்னணு இந்தியாக்காரர்ட சொல், நாங்க பள்ளிக்கூடத்துல படிச்சது இலத்திரனியல், எங்கயாவது இருந்து எடுத்துப் போடுறதெண்டா அதையாவது மாத்திப் போடுங்க. உபகரணம் எண்டா கச்சேரியில இருந்து வாற அரசாங்கக் கடிதம் மாதிரி. கருவி நல்ல சொல்தான், ஆனா மண்வெட்டியும் கருவி, யாழும் கருவி, அதுல ஒரு விளையாட்டுத்தனம் இல்ல. பொறி எண்டா அந்தக் கெட்டித்தனம் இரிக்கி, எலிப்பொறியப் பாருங்க, ஒரு கம்பி, ஒரு கொழுக்கி, ஒரு துண்டு கருவாடு, வேல முடிஞ்சிது. ஆனா அந்தச் சொல்ல அரசியல்காரர் உள்ளகப் பொறிமுறை எண்டு இழுத்து இழுத்தே தேச்சிட்டாங்க.

கலைச்சொல்லுக்கெண்டே 1930கள்ல சென்னையில பாடுபட்ட விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு இஞ்சருந்து கிட்டத்தான், அவர் இருந்திருந்தா ஒரு சொல் தந்திருப்பார். எனக்குத் தெரிஞ்ச சொல் ஒண்டுதான், அந்தப் பக்கத்துக்கு "சாமான்" எண்டே பேர் வையுங்க. சில பேர் வேற அர்த்தத்த நினைச்சிச் சிரிப்பாங்க எண்டு தெரியும், சிரிக்கட்டும். அப்பிடி வைக்க உங்களுக்கு வெக்கமா இருந்தா கெட்ஜெட் எண்டே போடுங்க, அந்த ட்-ஐ மட்டும் விட்டிராதீங்க, அப்பா அந்தப் பேப்பரத் தூக்கி எறியாம இன்னும் மடிச்சி வெச்சிரிக்கார்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
களுவாஞ்சிகுடி.