சனிக்கிழமை சாயங்காலம் தெப்பக்குளம், எல்லாரும் வாங்க

மக்களே, கடைசித் தேர்வு வெள்ளிக்கிழமை மதியத்தோடு முடிகிறது. மறுநாள் சாயங்காலம் 5 மணிக்கு வண்டியூர் தெப்பக்குளம் படிக்கட்டில் கூடலாம். ஜிகர்தண்டா செலவு என்னுடையது, மற்றதை அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள். வருவதற்குள் முடிந்தவர்கள் 'ஆட்டோகிராப்' படத்தை இன்னொரு தடவை பாருங்கள். 2004இல் வந்தது, நம்மில் பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை. இயக்கி நடித்த சேரன் நம்ம மேலூர்ப் பக்கத்துக்காரர்.

முதலாம் ஆண்டில் விடுதியில் பார்த்தபோது காதல் காட்சிகளுக்கு மட்டும் அழுதேன். நாயகனின் தோழி திவ்யா வரும் பகுதியில், உண்மையைச் சொன்னால், செல்போனை நோண்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் எல்லாம் தலைகீழ். உடைந்து போனவனை ஒரு தோழி எழுப்பி உட்கார வைக்கிற அந்தப் பகுதியில்தான் தொண்டை அடைத்தது. இரண்டாம் ஆண்டில் இரண்டு தாளில் தோற்றதும், ஊருக்கே போய்விடுகிறேன் என்று மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி உட்கார்ந்தேன். இந்தக் குழுவில் இருக்கும் இரண்டு பேர்தான் இறக்கிக் கூட்டிவந்து பரோட்டா வாங்கிக் கொடுத்தார்கள். அன்றைக்கு நன்றிகூடச் சொல்லவில்லை, கோபப்பட்டேன்.

அப்புறம், படத்தின் நாயகன் செந்தில் தன் கல்யாணப் பத்திரிகையை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதில்தான் படமே ஓடுகிறது. அதனால் சண்டை போட்டுக் குழுவை விட்டு வெளியேறிய நம்ம ஆளை நானும் நேரில் போய்த்தான் அழைக்கப் போகிறேன். அந்தச் சண்டையில் என் பங்கும் உண்டு. யாராவது கூட வருகிறீர்களா? வண்டியில் ஒரு இடம் இருக்கிறது.

ஆட்டோகிராப் நோட்டு நான் கொண்டுவருகிறேன். பேனா உங்கள் பொறுப்பு, எழுதுகிற பேனாவாகப் பார்த்து எடுத்துவாருங்கள்.