பேஸ் கிட்டாரில் பிக்கப்பின் பெயரைவிட அதன் இடமே முக்கியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைவினையாகச் செய்யப்படும் மின் கிட்டார்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். இளையராஜாவின் பாடல்களில் பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிட்டார், தனக்கென ஒரு மெட்டோடு நடந்து செல்வதைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கருவி எப்படி உருவாகிறது என்பதைத் தமிழில் எழுதுவோர் மிகச் சிலரே என்பதால், இக்கட்டுரையை வெளியிட்டதற்கு முதலில் நன்றி கூற வேண்டும். ஆயினும் பேஸ் கிட்டாரின் தொனியை முடிவு செய்வது எந்த நிறுவனத்தின் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பகுதியை) பொருத்துகிறோம் என்பதே என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதையும், வெவ்வேறு பிக்கப்கள் பொருத்தப்பட்ட வெவ்வேறு கருவிகளை வாசித்துப் பார்த்து அவற்றைத் தரவரிசைப்படுத்தியிருப்பதையும் மறுத்து எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன். கோவையில் வாடிக்கையாளர்களின் தேவைக்கேற்ப பேஸ் கிட்டார் செய்து கொடுப்பது என் தொழில். இந்த எண்ணத்தோடு வருகிற இளைஞர்கள், கருவியின் மொத்தச் செலவில் பெரும்பகுதியை வெளிநாட்டுப் பிக்கப்புக்கே ஒதுக்கிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

பிக்கப் என்பது காந்தத்தையும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளையும் கொண்ட ஓர் எளிய அமைப்பு. எனாமல் பூசிய, 0.06 மில்லிமீட்டர் அளவே பருமன் கொண்ட கம்பி, ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். காந்தத்தின் புலத்தில் எஃகுத் தந்தி அதிரும்போது அச்சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. பிக்கப்புக்குத் தெரிவது தந்தியின் முழு அதிர்வு அன்று. தனக்கு நேர் மேலே இருக்கும் சிறு துண்டின் அசைவு மட்டுமே. ஆகவே தந்தியின் எந்தப் பகுதிக்கு அடியில் அதை வைக்கிறோம் என்பதுதான், அது என்ன கேட்கும், எதைக் கேட்காது என்பதை முதலில் வரையறுக்கிறது.

இதைக் கணக்காகவே காட்டலாம். பெரும்பாலான பேஸ் கிட்டார்களில் நட்டிலிருந்து (தலைப்பக்கத்தில் தந்தி தொடங்கும் முனை) பிரிட்ஜ் (உடற்பகுதியின் மேல் தந்தி முடியும் முனை) வரை தந்தியின் நீளம் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். பிரிட்ஜிலிருந்து 144 மில்லிமீட்டர் தொலைவில் ஒரு பிக்கப்பை வைத்தால், அந்த இடம் திறந்த (விரல் வைக்காத) தந்தியின் நீளத்தில் சரியாக ஆறில் ஒரு பங்கு. தந்தி தன் அடிப்படைச் சுரத்தோடு, அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு என்ற அதிர்வெண்களிலும் சேர்ந்தே ஒலிக்கிறது; இவையே சீரிசைகள். ஆறாம் சீரிசையின் கணு அங்கேதான் விழுகிறது. கணுவில் அசைவு இல்லை. எனவே திறந்த தந்தியை மீட்டும்போது அந்தச் சீரிசை பிக்கப்பின் வழியே ஏறக்குறைய வருவதே இல்லை. ஏழாம் ஃபிரெட்டில் (நெக் எனும் கழுத்துப் பகுதியில் குறுக்காகப் பதித்த உலோகக் கட்டு) விரல் வைத்தால் தந்தியின் நீளம் 576 மில்லிமீட்டராகக் குறைகிறது. அதே பிக்கப் இப்போது நான்கில் ஒரு பங்கில் இருப்பதால் நான்காம் சீரிசை மறைகிறது. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் நீளம் 432. பிக்கப்பின் இடம் மூன்றில் ஒரு பங்கு. மறைவது மூன்றாம் சீரிசை. பிக்கப்புக்கும் ஓர் அகலம் உண்டு என்பதாலும், ஏழாம் ஃபிரெட்டின் அளவு சம இடைவெளிச் சுரமுறையில் மிகச் சிறிது விலகும் என்பதாலும் இந்த மறைவு முழுமையானதாக இராது என்றாலும், விரலை நகர்த்த நகர்த்த ஒலியின் உட்கூறு மாறிக்கொண்டே போகிறது என்பது இதிலிருந்து விளங்கும். எந்த நிறுவனத்தின் பிக்கப்பை அங்கே வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. தந்தியிலிருந்து எடுக்கப்படாத ஒன்றை எந்தக் காந்தமும் பின்னர் சேர்க்க முடியாது.

இக்கருவியின் வரலாறும் இதையே சொல்கிறது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில் ஒரே ஒரு பிக்கப்தான் இருந்தது. 1957இல் அது இரு பாதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஈ, ஏ எனும் தடித்த தந்திகளுக்கு ஒரு பாதியும் டி, ஜி எனும் மெல்லிய தந்திகளுக்கு மறு பாதியும் என ஆனது. 1960இல் வந்த ஜாஸ் பேஸ் இரண்டு பிக்கப்களைக் கொண்டது; ஒன்று நெக்கை நோக்கி, மற்றொன்று பிரிட்ஜை நோக்கி. அந்தப் பிரிட்ஜ் பக்கப் பிக்கப் 1960களின் கருவிகளில் இருந்ததைவிட 1970களின் கருவிகளில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் பிரிட்ஜை நோக்கி நகர்ந்தது. பத்து மில்லிமீட்டர்தானே என்று எண்ணக் கூடாது. பிரிட்ஜுக்கு மிக அருகில் அந்தத் தொலைவு பெரிய விகிதம். 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸில் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பை முன்னிறுத்தி எடுத்த உறுமலும், 1977ஆம் ஆண்டு ஜாஸ் பேஸில் மார்கஸ் மில்லர் கட்டைவிரலால் அடித்து எடுக்கும் கண்ணாடி போன்ற பளீர் ஒலியும் வேறுபடுவதற்குக் கைகளுக்கு அடுத்த காரணங்களுள் இந்த இடமாற்றத்தையும் நான் வைப்பேன். கிப்ஸன் நிறுவனம் 1970களில் விற்ற கிராபர் என்ற பேஸில் பிக்கப்பையே நெக்குக்கும் பிரிட்ஜுக்கும் இடையே தள்ளி நகர்த்தலாம். ஒரே பிக்கப்பை நகர்த்தி இரு வேறு கருவிகள் போன்ற தொனியை அதில் பெற முடிந்தது. என்னைப் பொறுத்தவரை, பிக்கப்களைப் பற்றி எழுதப்பட்ட எந்த விளக்கத்தைவிடவும் அந்தக் கருவி தெளிவான பாடம்.

அப்படியானால் பிக்கப்களிடையே வேறுபாடே இல்லையா என்று கேட்கலாம். உறுதியாக உண்டு. அல்நிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தத் தண்டுகளைச் சுருளுக்குள்ளேயே வைத்துச் செய்வதற்கும், இரும்புத் துண்டுகளுக்கு அடியில் செராமிக் காந்தத்தை வைத்துச் செய்வதற்கும் ஒலியில் வேறுபாடு இருக்கிறது. உயரம் குறைந்து அகலம் கூடிய சுருள் தந்தியின் நீளமான துண்டைக் கேட்கும்; ஒடுங்கிய சுருள் குறுகிய துண்டைக் கேட்கும். ஆனால் இவற்றை ஒப்பிட வேண்டுமானால் மற்ற அனைத்தையும் ஒன்றாக வைத்துக்கொண்டே ஒப்பிட வேண்டும். கட்டுரையில் நடந்தது அது அன்று. ஒரு கருவியில் புதிய தந்திகள், மற்றொன்றில் மேற்பரப்பு வழவழப்பான தட்டைச் சுற்றுத் தந்திகள். ஒன்றில் மின்கலத்தால் இயங்கும் முன்பெருக்கி, மற்றொன்றில் அது இல்லை. இந்த நிலையில் காதில் விழுந்த வேறுபாட்டை எப்படிப் பிக்கப்பின் கணக்கில் எழுத முடியும்? டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசை நிறுவனப் பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பிரிசிஷன் பேஸின் கனிந்த ஒலிக்கு, அவர் மாற்றாமல் வைத்திருந்த தட்டைச் சுற்றுத் தந்திகளும் பிரிட்ஜருகே வைத்திருந்த பஞ்சும் எவ்வளவு காரணம் என்பது பேஸ் வாசிப்போர் அனைவரும் அறிந்ததே.

ஒப்பீட்டில் பலரும் கவனிக்கத் தவறுவது ஒலியளவு. பிக்கப்பைத் தந்திக்கு ஒரு மில்லிமீட்டர் நெருக்கமாக உயர்த்தினாலே ஒலி உரத்துவிடும். உரத்த ஒலி நம் காதுக்கு எப்போதும் நிறைவானதாகத் தோன்றும். அதிலும் தாழ்ந்த சுரங்களை ஒலியளவு குறைந்திருக்கும்போது காது குறைவாகவே உணர்கிறது. எனவே இரண்டு பிக்கப்களையும் ஒரே உரப்புக்குச் சரிசெய்யாமல் கேட்டால், உரத்தது வெல்லும். சிறந்தது வெல்லும் என்று சொல்ல முடியாது. மறுபுறம், மிக நெருக்கமாக உயர்த்தினால் வலிமையான காந்தம் தந்தியையே இழுத்து, சுரத்தைச் சற்று பிசகச் செய்து, நாதம் நீடிப்பதையும் குறைத்துவிடும்.

கேபிளும் அவ்வாறே. முன்பெருக்கி இல்லாத பேஸில் பிக்கப்பின் மின்தூண்டலும் கேபிளின் மின்தேக்குத்திறனும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைத் தூக்கிக் காட்டும் விளைவை) உண்டாக்குகின்றன. 4 ஹென்றி மின்தூண்டல் கொண்ட பிக்கப்பை 500 பிக்கோஃபாரட் கேபிளில் இணைத்தால் அந்த ஒத்ததிர்வு ஏறத்தாழ 3,550 ஹெர்ட்ஸில் அமையும். 1,000 பிக்கோஃபாரட் கேபிளில் இணைத்தால் ஏறத்தாழ 2,500 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஒரே பிக்கப், கேபிள் மட்டும் நீளமானது. ஆனால் கேட்பவர் இது மங்கலான பிக்கப் என்று முடிவு கட்டிவிடுவார். 250 கிலோ ஓம் கட்டுப்பாட்டுக் குமிழுக்குப் பதில் 500 கிலோ ஓம் குமிழைப் பொருத்தினால் அதே பிக்கப் பளிச்சென்று ஒலிக்கும். இவற்றையெல்லாம் குறிப்பிடாத ஒப்பீடு வாசகருக்குப் பயன்படாது.

கட்டுரையில் பிக்கப்களின் மின்தடையை ஓம் கணக்கில் கொடுத்து, எண் கூடினால் ஆற்றல் கூடும் என்று எழுதியிருப்பதும் பிழை. மெல்லிய கம்பியைச் சுற்றினால் சுற்றுகள் கூடாமலே மின்தடை கூடும். அதுமட்டுமன்றி, செம்பின் மின்தடை வெப்பநிலை ஒரு பாகை உயரும்போது ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடுகிறது. 20 பாகை குளிரூட்டிய அறையில் 10 கிலோ ஓம் காட்டும் பிக்கப், 40 பாகை வெயிலில் சூடேறிய நிலையில் 10.8 கிலோ ஓம் அளவுக்குக் காட்டும். அதனால் அதன் ஆற்றல் கூடிவிட்டதா என்ன? மின்தடையை அளப்பது சுருள் அறுந்திருக்கிறதா என்று பார்க்க உதவும். தொனியை அறிய மின்தூண்டலைத்தான் அளக்க வேண்டும்.

நம் ஊர்ச் சூழலுக்கே உரிய ஒன்றைக் கட்டுரையாளர் தொடாதது எனக்கு வருத்தமே. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் ஈ தந்தியில் மூன்றாம் ஃபிரெட்டில் எழும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். திறந்த ஜி தந்தி 98 ஹெர்ட்ஸ். ஒற்றைச் சுருள் பிக்கப் மின்கம்பிகளிலிருந்து பிடிக்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அதன் இரட்டையான 100 ஹெர்ட்ஸும் இந்தச் சுரங்களுக்கு மிக அருகில் உட்கார்ந்துகொள்கின்றன. வடிகட்டி வைத்து நீக்கப் போனால் சுரமும் சேர்ந்து போய்விடும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ்; அது ஏ ஷார்ப்புக்கும் பி சுரத்துக்கும் இடையில் விழுவதால் அங்குள்ளோர் படும் தொல்லை வேறு விதமானது. எர்த் சரியில்லாத திருமண மண்டபத்தில், விளக்குகளின் மங்கல் கட்டுப்பாட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் பக்கத்தில் நின்று வாசிக்கிற மெல்லிசைக் குழுக் கலைஞருக்கு, ஒற்றைச் சுருளின் நுட்பமான தொனியைவிட இரைச்சலை நீக்கும் அமைப்பே முதன்மையானது. 1957ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பிக்கப்பின் இரு பாதிகளும் எதிரெதிர் திசையில் சுற்றப்பட்டு, காந்த முனைகளும் எதிராக இருப்பதால் இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்களையும் சம அளவில் திறந்து வைத்தால்தான் இந்த நன்மை கிடைக்கும். ஒன்றைக் குறைத்தவுடன் இரைச்சல் திரும்பிவிடும். மேடைக்காகக் கருவி கேட்டு வருகிறவர்களிடம் எந்தப் பிக்கப் வேண்டும் என்று கேட்பதற்கு முன், எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்று நான் கேட்பது இதனால்தான்.

இரட்டைச் சுருள் பிக்கப்பை விரும்புவோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸில் இரு சுருள்களும் பக்க இணைப்பில் உள்ளன. அதே சுருள்களைத் தொடர் இணைப்பில் இணைத்தால் மின்தூண்டல் நான்கு மடங்காகும். ஒலி உரத்து, நடு அதிர்வெண்கள் தடித்து, மேல் அதிர்வெண்கள் குறையும். ஒரு சிறிய சுவிட்ச் போதும், ஒரே பிக்கப்பில் இரண்டு குரல்கள் கிடைக்கும். புதிய பிக்கப் வாங்கப் பணம் சேர்ப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

பிக்கப்பால் தீர்க்க முடியாத குறைகளும் உண்டு. ஃபெண்டர் வகைப் பேஸ்களில் ஜி தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டிலிருந்து ஏழாம் ஃபிரெட் வரையுள்ள பகுதியில் சில சுரங்கள் மற்றவற்றைவிட விரைவில் அடங்கிவிடுவது பலருக்கும் பழக்கமான குறை. தந்தியின் ஆற்றலை நெக் தன் அதிர்வில் விழுங்கிவிடுவதே அதற்குக் காரணம். அங்கே செலவிட வேண்டிய பணமும் உழைப்பும் விறைப்பான, நன்கு உலர்ந்த நெக்குக்கே உரியவை. தனிப்பயன் கருவி செய்யும்போது நெக், பிக்கப்பின் இடம், இரைச்சல் நீக்கம், மின்சுற்று என்ற வரிசையில் முடிவு செய்து, நிறுவனத்தின் பெயரைக் கடைசியில் தேர்ந்தெடுக்குமாறு என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்லி வருகிறேன். இடம் தவறாகக் குடையப்பட்ட பாடியில் குழியை மறுபடி வெட்டுவது கடினம். பிக்கப்பைக் கழற்றி மாற்றுவது ஒரு மாலை வேலை.

தங்கள் இதழ் இத்தகைய ஒப்பீடுகளைத் தொடர்ந்து வெளியிட வேண்டும் என்பதே என் விருப்பம். அடுத்த முறை ஒரே பேஸில், ஒரே தந்திகளோடு, ஒரே கேபிளில், ஒரே ஒலியளவில் பிக்கப்களை மாற்றி மாற்றிப் பொருத்தி, எது எந்தப் பிக்கப் என்று வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் தெரியாதபடி ஒப்பிடுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். பிரிட்ஜிலிருந்து பிக்கப்பின் நடுப்புள்ளி வரையுள்ள தொலைவையும், கடைசி ஃபிரெட்டை அழுத்திய நிலையில் தந்திக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியையும் மில்லிமீட்டரில் அச்சிட்டால், படிக்கிறவர்கள் தங்கள் கருவியிலேயே அதைச் சரிபார்த்துக்கொள்ள முடியும். அதற்குத் தேவைப்படும் சோதனைக் கருவியை என் பட்டறையிலிருந்து கொடுத்து உதவ ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்