சார் சேர்த்து வைத்த பெட்டி

சிங்கப்பூர்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வேலை எப்போதும் போலத்தான். டுவாஸிலிருந்து விடுதிக்கு வந்து சேர இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது. டிராயிங் சார் தவறிப்போனதை நீ போனில் சொன்னதிலிருந்து மனசு ஊரிலேயே கிடக்கிறது.

படக்கதை படிக்கிற பிள்ளை உருப்படாது என்று ஊரே சொன்னபோது, அதைக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தியவர் அவர். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி' நினைவிருக்கிறதா? மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் தெரியும். "கட்டத்தில் ஒரு கைதான் இருக்கு. ஆனா ஆள் ஓடுறானா, பதுங்குறானான்னு உனக்குத் தெரியுதே, எப்படி?" என்று கேட்பார் சார். அதை வரைந்த ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் பெயரை, ரவி வர்மா பெயருக்குக் கொடுக்கிற அதே மரியாதையோடு சொல்வார். கோடு பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கைதான்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சாப்பிட்டுவிட்டு விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்துக்கு நடந்தே போனேன். அங்கே இங்குள்ள காமிக்ஸ் ஓவியர் சானி லியூ 2015-ல் வெளியிட்ட 'தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹாக் சாய்' என்ற படக்கதைப் புத்தகத்தைப் படித்தேன். கற்பனையான ஒரு காமிக்ஸ் ஓவியரின் வாழ்க்கை வழியாகச் சிங்கப்பூரின் அரசியல் வரலாற்றைச் சொல்கிறது. காலம் மாற மாற வரைகிற பாணியும் மாறுகிறது. எழுத்தால் மட்டும் இதைச் செய்யவே முடியாது அக்கா. இதற்குக் கொடுத்த 8,000 வெள்ளி மானியத்தை இங்குள்ள தேசியக் கலை மன்றம் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் 2016-ல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு, 2017-ல் காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர் மூன்று! சார் இருந்திருந்தால் அன்றைக்கே போன் போட்டுச் சொல்லியிருப்பேன்.

அப்புறம், முக்கியமான விஷயம். சார் வீட்டு மச்சில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய பழைய முத்து, லயன் காமிக்ஸ் இதழ்கள் இருக்கின்றன. துக்கம் விசாரிக்கப் போகும்போது அவர் வீட்டம்மாவிடம் பக்குவமாகச் சொல், எடைக்குப் போட்டுவிட வேண்டாம் என்று. வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் நம் வீட்டில் என் அலமாரியைக் காலி செய்து அடுக்கி வை. கரையான் வராமல் வேப்பிலை போடு. பொங்கலுக்கு வரும்போது மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தம்பி