ஏஜினாத் தீவிலிருந்து ஒரு கடிதம்

ஏஜினா, கிரீஸ்
அக்டோபர் 14

அன்புள்ள கதிரேசா,

நலம், நலமறிய ஆவல். கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, பேத்திக்கு மறுபடியும் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மனம் குளிர்ந்தது. இடிந்த கோயிலைப் பார்க்க இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று அதே கடிதத்தில் கேட்டிருந்தாய். நேற்றுத்தான் அங்கே போய் வந்தேன். பார்த்தது மனத்தில் ஆறுவதற்குள் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் ஒன்றேகால் மணி நேரத்தில் இத்தீவை அடைந்துவிடலாம். பிஸ்தாத் தோப்புகளுக்கு நடுவே பேருந்து ஏறிச் செல்லும் பாதையின் முடிவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டர் உயரத்தில், பைன் மரங்கள் சூழ்ந்த குன்றின்மேல் அஃபையா என்னும் பெண்தெய்வத்தின் கோயில் நிற்கிறது. கி.மு. 500 வாக்கில் கட்டியது. அதற்கு முன்பு அங்கிருந்த கோயில் தீக்கிரையானதால், அதே இடத்தில் இதை எழுப்பியிருக்கிறார்கள்.

முன்னும் பின்னும் ஆறு, பக்கவாட்டில் பன்னிரண்டு என்ற கணக்கில், மூலைத் தூண்களை ஒருமுறை மட்டும் எண்ணினால், வெளிச்சுற்றில் 32 தூண்கள் இருந்தன. இன்று 25 நிற்கின்றன. பளிங்கு என்று நினைத்துவிடாதே, உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்தான். அருகில் சென்று பார்த்தால் துளை துளையாக, கையால் தேய்த்தால் உதிரும் போலத் தெரிகிறது. இந்தச் சொரசொரப்பை மறைக்க மேலே மெல்லிய சுண்ணச் சாந்து பூசியிருந்தார்கள். அது ஒட்டியிருக்கும் இடங்களில் கல் இன்றும் வழவழப்பாக இருக்கிறது.

உனக்கென்றே பார்த்துவைத்த ஒன்று உண்டு. ஏறத்தாழ ஐந்தேகால் மீட்டர் உயரமுள்ள அந்தத் தூண்களில் மூன்றைத் தவிர மற்றவை எல்லாம் ஒற்றைக்கல்லில் செதுக்கியவை. வடக்குப் பக்கத்தில் உள்ள மூன்று மட்டும் உருளைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. உள்ளே வேலை நடக்கும்போது கற்களைக் கொண்டுசெல்ல அந்த இடத்தைத் திறந்து வைத்திருந்து, கடைசியில் துண்டு துண்டாக ஏற்றி அடைத்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நாற்பது ஆண்டு பாலம் கட்டிய நீ இதைப் பார்த்திருந்தால் ஒரு மணி நேரம் அங்கேயே நின்றிருப்பாய்.

ஆனால் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது அங்கே இல்லாத ஒன்று. முகப்பின் முக்கோண நெற்றியில் பாரோஸ் தீவுப் பளிங்கில் வடித்த வீரர்கள் நின்றிருந்தார்கள். ட்ரோய் நகரின்மீது கிரேக்கர் இருமுறை தொடுத்த போர்கள், நடுவில் அதீனா தேவி. 1811-இல் காக்கரெல், ஹாலர் முதலிய இளைஞர்கள் அச்சிலைகளை மண்ணிலிருந்து எடுத்தார்கள்; அடுத்த ஆண்டு நடந்த ஏலத்தில் பவேரியாவின் இளவரசர் லுட்விக் அவற்றை வாங்கிவிட்டார். இன்று அவை மியூனிக்கின் கிளிப்டோதெக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சென்ற மாதம் மகளோடு போய்ப் பார்த்தேன். கிழக்கு நெற்றியின் மூலையில் விழுந்து கிடக்கும் ஒரு வீரன், கேடயத்தைப் பற்றிக்கொண்டு எழ முயன்று முடியாமல் சரிகிறான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. பின்னால் சுற்றிச் சென்றபோது இன்னொரு வியப்பு. சுவரோடு ஒட்டி, எவர் கண்ணுக்கும் படாத உயரத்தில் நிற்கப்போகும் சிலைகளுக்கு முதுகுத் தசைகளையும் முன்பக்கத்துக்குக் குறையாத அக்கறையோடு செதுக்கியிருக்கிறார்கள்.

நேற்று அந்த வெற்று முகப்பின்கீழ் நின்று, நெற்றி இருந்த இடத்தில் வானத்தைப் பார்த்தபோது அந்த முதுகுகள்தான் நினைவுக்கு வந்தன. மியூனிக்கில் இல்லாவிட்டால் அவற்றை நான் பார்த்தே இருக்க மாட்டேன் என்பது உண்மை. ஆனாலும் அந்த வீரன் விழவேண்டிய இடம் இந்தக் குன்றுதான், இந்த வெயிலில்தான் அவன் கிடக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

தெய்வத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காக்கரெல் காலத்தில் இதை ஜீயஸ் கோயில் என்றே எண்ணியிருந்தார்கள். 1901-இல் ஃபுர்ட்வாங்லர் நடத்திய அகழாய்வில் கிடைத்த கல்வெட்டுத்தான் அஃபையாவின் பெயரை உறுதி செய்தது. மன்னன் மினோஸ் துரத்தியபோது கிரீட் தீவில் கடலில் குதித்து, மீனவர் வலையால் உயிர்தப்பி, இங்கே வந்து தோப்புக்குள் மறைந்துபோன பெண் அவள் என்பது கதை. கோயிலுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, வெண்கலக் காலத்தில், குழந்தையை ஏந்திய தாய்மாரின் சிறு களிமண் உருவங்களை இங்கே காணிக்கையாக வைத்திருக்கிறார்கள். எனக்குத் தூண்களைவிட அவை நெருக்கமாகத் தோன்றுகின்றன.

தைக்கு முன் ஊர் வந்துவிடுவேன். உனக்கும் தங்கச்சிக்கும் இந்த ஊர்ப் பிஸ்தா வாங்கி வைத்திருக்கிறேன். அதற்குள் ஒன்றை மட்டும் யோசித்து எழுது: பாரந்தூக்கி வண்டி இல்லாத காலத்தில், அந்த ஒற்றைக்கல் தூண்களைக் குன்றின்மேல் ஏற்றி எப்படி நிமிர்த்தியிருப்பார்கள்?

என்றும் அன்புடன்,
ராமநாதன்